கொட்டாஞ்சேனையில் கரையேறிய சுறா

2020 ஜனவரி 9, வியாழன்

மரண அறிவித்தல். யப்பானைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பல்பு, இன்று காலை அம்மா தயிர்ச் சட்டியை எடுக்கும் வேளையில் காலமானது. உற்றார், உறவினர், நண்பர்கள் யாவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொண்டு ரோர்ச் லைட்டோடு வரவும்.

இதைவிடச் சின்னச் செய்தி ஒன்று: நான் சுறா பிடிக்கப் போகிறேன்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடந்து பழுக்கிறேன் என்று அம்மா தன்னோடு படித்த பத்மாவதி அன்ரியிடம் முறையிட்டிருக்கிறார். அன்ரி கடல் உயிரியல் டொக்டர். சுறாவைப் பிடித்து, முதுகுத் துடுப்பில் 'டெக்' என்ற சிறு கருவியைப் பூட்டி, திரும்பக் கடலில் விடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. சுறா நீர்மட்டத்துக்கு வரும்போதெல்லாம் டெக் தான் நிற்கும் இடத்தைச் செய்மதிக்குச் சொல்லிவிடும். சுறாவுக்குக் கோள் சொல்லி! முகத்துவாரத்திலிருந்து படகு. எனக்கும் இடம் உண்டாம்.

"பல்லியைக் கண்டால் கதிரையில ஏறுற நீயா?" என்றாள் ரமணி அக்கா.

வீரர்கள் பதில் சொல்வதில்லை.

ஜனவரி 11, சனி

துறைமுக வாசலில் கடற்படைப் பெடியன் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயரை, பிறகு முகத்தை, பிறகு திரும்பவும் பெயரை. அன்ரி சிங்களத்தில் ஏதோ சொன்ன பிறகுதான் விட்டான். பெயரைப் பார்த்து ஆளை முடிவு பண்ணுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

படகுக்காரர் ராசிக் நானா. கொட்டாஞ்சேனை. ஆளில் எனக்குச் சந்தேகம். போன் வந்தால் படகின் பின்பக்கம் போய்த்தான் கதைக்கிறார். நீலநிறக் குளிர்ப்பை ஒன்று வைத்திருக்கிறார், யாருக்கும் திறந்து காட்டுவதில்லை. போன சித்திரையில் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு ஊரில் பாதிப்பேர் முஸ்லிம் ஆட்களை ஒருமாதிரித்தான் பார்க்கிறார்கள். நான் அப்படியில்லை. நான் ஆதாரத்தோடு சந்தேகப்படுகிறவன்.

பெரிய ஆதாரம்: என் பகிடி ஒன்றுக்கும் அவர் சிரிப்பதில்லை. சாப்பாட்டுப் பார்சலுக்குள் ரப்பர் கரப்பான் ஒன்றை வைத்தேன். எடுத்துப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார், சாப்பிட்டார். அவ்வளவுதான். மனுசனா இவர்?

ஜனவரி 12, ஞாயிறு

சுறா இல்லை. வாந்தி உண்டு. (அக்கா அறியாதிருக்கக் கடவது.)

ஜனவரி 15, புதன்

பொங்கல். சொல்லச் சுறா இல்லாதபடியால் மாமி வீட்டில் ஒரு திமிங்கிலத்தைச் சேர்த்துச் சொன்னேன். நன்றாக எடுபட்டது.

ஜனவரி 18, சனி

இந்தத் திகதியை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

கொம்பன் சுறா! சுத்தியல் மாதிரித் தலை. பெண். என் ரியூசன் ரீச்சரின் நினைவாகக் கோமளவல்லி என்று பெயர் வைத்தேன் — இருவருக்கும் ஒரே பார்வை. ராசிக் நானா வாலில் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்க, டொக்டர் படகின் விளிம்பில் படுத்தபடி துடுப்பைப் பிடித்தார். (படகில் அன்ரி என்று கூப்பிடக்கூடாது.)

டெக் பெட்டி என் பொறுப்பு. ஒவ்வொரு டெக்கிலும் ஒரு சின்னக் காந்தம் கறுப்பு நாடாவால் ஒட்டியிருக்கும். காந்தம் இருக்கும்வரை டெக் நித்திரை, கழற்றினால் விழிக்கும். டொக்டர் கை நீட்டியதும் காந்தத்தைக் கழற்றி டெக்கைக் கொடுக்க வேண்டும். காந்தத்தின் நாடாவில் எழுதியிருக்கும் இலக்கத்தை உரத்து வாசிக்க வேண்டும். இதுதான் வேலை.

கோமளவல்லி திமிறினாள். படகு சரிந்தது. இரண்டு கண்ணாலும் என்னை நேருக்கு நேர் பார்த்தாள். நானும் பார்த்தேன். இமைக்கவில்லை.

"தம்பி, காந்தத்த கழட்டின தானே?" என்று ராசிக் நானா கேட்டார்.

"ஓம், ஓம்" என்றேன். கையில் காந்தம் இருக்கிறதே, தெரியவில்லையா? நாடாவைப் பார்த்து "நாலு" என்று கத்தினேன். சுறா போய்விட்டது.

துறைமுகக் கொட்டிலின் பூட்டு உடைந்திருப்பதால் பெட்டியை ராசிக் நானா வழமைபோலத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் காந்தத்தைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். இறந்த பல்புக்கு நினைவுச்சின்னம்.

கதை முழுதும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "கொம்பனுக்குக் கண் தலையின்ர ரெண்டு அந்தத்திலயெல்லோ இருக்கு? அது எப்பிடி உன்னை நேர பார்த்தது?"

பொறாமை.

ஜனவரி 20, திங்கள்

கோமளவல்லி செத்துவிட்டாள்.

டொக்டர் போன் எடுத்தார். நாலாம் இலக்க டெக்கின் புள்ளி கடலில் இல்லையாம். நிலத்தில். கொட்டாஞ்சேனையில்! அதுவும் ராசிக் நானா குடியிருக்கும் ஒழுங்கைப் பக்கம். சுறா நடந்தா போகும்? யாரோ பிடித்துக் கரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விட்ட இடம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன், நீலப் பை, சிரிக்காத முகம். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் பொருந்தி வந்தது. டொக்டர் விசயம் தெளியும்வரை ராசிக்கைப் படகுக்கு வரவேண்டாம் என்று சொல்லப்போவதாகவும், வெள்ளிக்குள் தெளியாவிட்டால் கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பதாகவும் சொன்னார். அறிவித்தால் இனி எந்தப் படகிலும் அவரை எடுக்கமாட்டார்களாம்.

இந்துசமுத்திரத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட செல்வி கோமளவல்லி… மிச்சம் எழுத வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

புள்ளி அசையவில்லை. நாளைக்கு நானே போகிறேன். துப்பறிவாளனுக்குப் பஸ் காசு அம்மா தந்தார். கொப்பி வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

கதவைத் திறந்தது ராசிக் நானாவின் மனைவி பைறோஸா தாத்தா. (அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா.) நானா கூலிவேலை ஏதும் கிடைக்குமா என்று பார்க்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். "டொக்டர் அனுப்பினதா? அவர திரும்ப வரச்செல்லி செய்தி ஈக்கா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு ஆசை. நான் ஏதோ முனகினேன். இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துறைமுக வாசலில் அந்தக் கடற்படைப் பெடியன் என் அட்டையைப் பார்த்த மாதிரியே. நீலப் பை முற்றத்தில் திறந்து கிடந்தது. தூண்டிலுக்குப் போட்டு மிஞ்சிய மீன் தலைகள். சுற்றிவர ஒழுங்கைப் பூனைகள். இதைத்தானா மனுசன் ஒளித்து ஒளித்துக் கொண்டுவந்தது?

தகரத் தாழ்வாரத்தின் கீழ் எங்கள் டெக் பெட்டி. ஏன் திறந்தேன் என்று தெரியாது. உள்ளே மிச்ச டெக்குகள். ஒன்றில் காந்தம் இல்லை. அதன் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. வயிற்றில் வெள்ளை மையால்: 4.

அங்கேயே குந்திவிட்டேன்.

நான் ஒரு டெக்கின் காந்தத்தைக் கழற்றி, பக்கத்தில் கிடந்த மற்ற டெக்கைக் கொடுத்திருக்கிறேன். சுறாவின் திமிறலில் டொக்டரும் நாடாவைக் கவனிக்கவில்லை. கோமளவல்லி காந்தத்தோடு, நித்திரை கொள்ளும் டெக்கோடு எங்கேயோ நீந்துகிறாள். அவளை யாரும் பிடிக்கவில்லை. நான் எழுப்பிவிட்ட டெக் ராசிக் நானாவின் வீட்டிலிருந்து வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு யோசனை வந்தது, மறைக்கவில்லை. காந்தம் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது? கொண்டுவந்து ஒட்டிவிட்டால் புள்ளி மறைந்துவிடும். ஆருக்குத் தெரியப்போகுது? ஆனால் புள்ளிதான் மறையும். அந்தாள் திரும்பப் படகுக்கு வரமாட்டார்.

"எதாச்சும் காணாமலா தம்பி?" பைறோஸா தாத்தா தேத்தண்ணியோடு பின்னால் நின்றார்.

"இல்லை. கிடைச்சிட்டுது" என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

காந்தத்தோடு டொக்டரிடம் போனேன். ராசிக் நானாவையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். அலை அடித்ததால் டெக் மாறிப்போனது என்றேன். டொக்டர் எனக்கு ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ராசிக் நானாவைப் பார்த்து, "சின்னப் பெடியன் சொன்னதென்று இல்லை, நானும்தான் நம்பினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, சந்தேகம் வந்தா எனக்கிட்டயே கேட்டீக்கலாமே. பொட்டிய தொறந்து காட்டீப்பேன்."

ஏச்சு விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 25, சனி

படகு போனது. ராசிக் நானா சுக்கானில். எனக்குப் பெட்டி இல்லை. வெட்டின மீன் வாளி கழுவும் பதவி. நாற்றத்தில் நானே பாதிச் சுறா.

மத்தியானம் பார்சலைப் பிரித்தேன். சோற்றுக்கு நடுவில் ரப்பர் கரப்பான். துள்ளி எழும்பி வாளிக்குள் காலை விட்டுவிட்டேன். ராசிக் நானா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு, திரும்பாமலே சொன்னார்: "அலையொண்டும் அடிக்கல்ல அண்டைக்கி. நான் பாத்த. அதான் கழட்டினதா எண்டு கேட்ட."

டொக்டருக்கு அவர் சொல்லவில்லை.

கோமளவல்லியின் மரண அறிவித்தல் வாபஸ். பதினெட்டாம் திகதிக் குறிப்புக்கும் ஒரு திருத்தம். நான் இமைக்கவில்லை என்றது ஒருவிதத்தில் உண்மை. மூடின கண்ணை எப்படி இமைப்பது? அவள் திமிறியதும் இரண்டு கண்ணையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, பெட்டிக்குள் தடவித் தடவித்தான் காந்தத்தைக் கழற்றினேன். திறந்தபோது கடல்தான் இருந்தது.

நான் இதுவரை ஒரு சுறாவையும் முழுசாகப் பார்க்கவில்லை.