ஐம்பத்தைந்து நாள் நோன்பு

ஜன. 19, திங்கள்
பனி. ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னல் சீட், அதிசயம்.
எத்தியோப்பியாவில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எங்கள் கம்பெனி பாதிப் பங்கு வாங்குவது முடிவாகிவிட்டது. அறிக்கை நான் எழுதியது, ஆறு வாரம். அட்டையில் மேனேஜர் பாஸ்கர் பெயர். போகப்போவதும் அவர்.
"நீ போய் அங்க இன்னாம்மா பண்ணுவே? பாஷை தெரியுமா?"
அவருக்கு மட்டும் தெரியுமா?
அறிக்கையிலிருந்து நோன்பு பற்றிய பக்கத்தையும் நீக்கிவிட்டார். ஈஸ்டருக்கு முன் ஐம்பத்தைந்து நாள் அங்கே கிறிஸ்தவர்கள் கறி தொடமாட்டார்கள். ஆடு அறுக்காமல் தோல் ஏது?
சிரித்தார். "ஆம்பூர்க்காரனுக்கே நோன்பு சொல்லித் தர்றியா? பகல்ல பட்டினி, சாயங்காலம் பிரியாணி. கறி ஜாஸ்திதாம்மா போகும்."
"அது ரம்ஜான் சார். இது வேற நோன்பு."
ஒருமுறைதான் சொன்னேன்.
வாங்க வேண்டியது: ரீஃபில், தலைவலித் தைலம்.

பிப். 5, வியாழன்
பாஸ்கருக்கு வழியனுப்பு. கேக், கைதட்டல். மார்ச்சில் முதல் லோடு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மார்ச் முழுக்க அங்கே நோன்பு.
முதலாளி என்னிடம், "அறிக்கைய டைப் பண்ணது நீதானேம்மா? நீட்டா இருந்துச்சு." பாஸ்கர் கேக்கைப் பார்த்தார்.
"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"
என் பக்கமும் பார்த்தார் முதலாளி.
"இல்ல சார்."
பழிவாங்குபவர்கள் நாவல்களில் கொதிப்பார்கள். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்
வெயில் ஆரம்பம். அடிஸ் அபாபாவிலிருந்து பாஸ்கர் போன்.
"தோலே வரலம்மா. கறிக்கடை எல்லாம் சாத்திக் கெடக்கு. இன்னும் எத்தினி நாளு?"
"நாப்பது நாள் சார்."
மத்தியானம் ரசம் சாதம் அவ்வளவு ருசி.
அங்கே டேனரியில் புதிதாக வேலைக்கு எடுத்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதை நான் யோசிக்கவில்லை. அவர்கள் என்னை என்ன செய்தார்கள்?

மார்ச் 5, வியாழன்
மறுபடி பாஸ்கர். குரலில் தேன். அந்த நாட்டின் கிழக்கே முஸ்லிம் ஊர்களில் தோல் கிடைக்கும் என்று, அவர் நீக்கிய அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அங்கே ஒரு வியாபாரியிடம் பேசியும் வைத்திருந்தேன். அவர் நம்பர் வேண்டுமாம்.
"அறிக்கை எழுதினது யாருன்னு முதலாளிக்கு மெயில் போடுங்க சார். தர்றேன்."
அரை மணியில் போட்டுவிட்டார். முதலாளிக்கு மட்டும்.
"ஆபீஸ் மொத்தத்துக்கும் போடுங்க."
"பேஜார் பண்ணாதம்மா. வேலை போன பொண்ணுங்க தெனமும் ஃபேக்டரி கேட்டாண்ட வந்து நிக்குதுங்க."
"சீக்கிரம் போட்டீங்கன்னா சீக்கிரம் உள்ள வருவாங்க."
மணி ஐந்து. மெயில் வரவில்லை. நம்பரை நானும் அனுப்பவில்லை.