முதுகுக் கவசமும் சைலன்சரும்

ருதைனா,

பேக்கரிக்குக் கிளம்பிவிட்டேன். ஃபூல் பயறுக் குழம்பு அடுப்பில் சூடாக இருக்கிறது, ரொட்டி துணிக்குள். உன் பைக்கின் முன் பிரேக் கட்டையை மாற்ற மெக்கானிக் சுஹைல் வருவான். பைக் சாவி ஃப்ரிட்ஜ் மேல். அவனுக்கு டீ கொடு.

நேற்று மத்தியானம் சத்தம் போடும் சைலன்சர்தான் வேண்டுமென்று நின்றாய். நான் முதுகுக் கவசம் என்றேன். "சாக்கடல் ரோட்டு வளைவுல பைக்கோட விழுந்தது நான்தானே, உங்களுக்கென்ன?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாய். உன் முழங்கைக்கு மருந்து போட்ட புருஷன் நான். எனக்கும் வலிக்கும்.

சாயங்காலமே கடைக்குப் போய்க் கவசம் வைத்த ஜாக்கெட் வாங்கிவிட்டேன். கறுப்பு தீர்ந்துவிட்டது, சிவப்புதான். அளவு பார்க்க நானே போட்டேன். ஜிப் தொப்பையில் மாட்டிக்கொண்டது. "அண்ணே, மூச்சை உள்ள இழுங்க!" என்று கடைக்காரன் கத்த, கடையே சிரித்தது. கொண்டுவந்தபோது நீ கதவைத் திறக்கவில்லை, அதனால் சோபாவில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு தோழிகளோடு பைக்கில் தாராளமாகப் போய் வா.

தைசீர்

பி.கு.: சைலன்சர் அடுத்த மாதம். பேச்சு மாற மாட்டேன்.

இன்னும் கோபமென்றால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திட்டு, எனக்குக் கேட்காது.

கேட்டாலும் பரவாயில்லை. திட்டுவதற்கு முழுசாக வீடு வந்து சேர், அது போதும்.