எந்த அம்மை என்று கேட்டாயா?

அம்மையும் அப்பனுமாய் நின்று அகிலம் காக்கும் பரம்பொருளின் திருவடி முன்னிற்க.

என் செல்வ மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, அண்ணன், அத்தை எல்லோரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலத்தைக் கேட்காதே, அதை நீ நேற்றுத் தொலைபேசியிலேயே கெடுத்துவிட்டாய். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ சிரிக்கிறாய், மாப்பிள்ளை நடுவில் புகுந்து சமாதானம் சொல்கிறார், இந்தப் பக்கம் உன் அத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தீர்ப்பு வழங்குகிறாள். ஆகவே யாரும் குறுக்கே பேச இயலாத காகிதத்துக்கு வந்துவிட்டேன். எழுதி முடித்த கையோடு அண்ணன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். நின்றபடி மேய்ந்துவிட்டுப் போகாதே, உட்கார்ந்து முழுவதும் படி.

நீ வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் நான்கு நாளைக்கு முன் ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம் கண்டது என்றும், அதற்கு முதல் நாள் முழுக்க அது உன் மடியை விட்டு இறங்கவே இல்லை என்றும், ஏதோ மழை பெய்த செய்தியைப் போலச் சொன்னாய். வயிற்றில் நான்காம் மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்கிற தொனியா அது? இது உங்களுக்கு முன்பு வந்திருக்கிறதா என்று மருத்துவமனைச் செவிலி கேட்டாளாம், நீயும் வந்திருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தாயாம். “ஒரு தடவை வந்தா மறுபடி வராது அத்தை, நீங்க சும்மா பதறாதீங்க” என்கிறார் மாப்பிள்ளை. அவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வந்தது எது என்று உங்கள் இருவரில் ஒருவராவது யோசித்தீர்களா? நம் வீட்டில் கொப்புளம் வந்தாலும் அம்மை, உடம்பு சிவந்து தடித்தாலும் அம்மை, கன்னம் வீங்கினாலும் அம்மை. எல்லா நோயையும் ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம், அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே நீ செவிலியின் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

உனக்கு வந்தது தட்டம்மை. கண் சிவந்து, இருமி இருமித் துவண்டு, மேனியெங்கும் செந்தடிப்பாய் இருந்தாய். நீர்க்கொப்புளமாய் வரும் சின்னம்மை உன் அண்ணனுக்கு வந்தது. அது உனக்கு ஒட்டிவிடக் கூடாதென்றே உன்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். “இல்லவே இல்ல, அவ எங்க வீட்டுலதான் அம்மையோட படுத்துக் கிடந்தா, நான்தான பக்கத்துலயே உக்காந்து விசிறினேன்” என்று அவள் இன்று சத்தியம் செய்கிறாள். அவள் விசிறியது மெய். நீ படுத்துக் கிடந்தது கோபத்தில். அண்ணனை விட்டு வரமாட்டேன் என்று அழுது, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வெளியே வரவில்லையாம். அன்று என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவளும் இதே அத்தைதான். சந்தேகம் இருந்தால் அண்ணனின் புருவத்துக்கு மேலிருக்கும் பள்ளத்தை நினைத்துக்கொள். அவனிடமும் கேட்டேன். அச்சகத்து மையைக்கூடக் கழுவாமல் வந்து நின்று, “சொறிஞ்சு சொறிஞ்சு நான் சம்பாதிச்சதும்மா இது, இதுலயும் அவளுக்குப் பங்கு வேணுமாமா?” என்கிறான்.

இன்று காலை தெருமுனையிலிருக்கும் மருத்துவர் அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். “உங்க பொண்ணு உடம்புல இதுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தா அவங்களுக்கும் வராது, தொப்புள்கொடி வழியா பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். இல்லன்னா கிருமியும் அதே வழியில போகலாம். வாய்க் கணக்கை விட்டுட்டு ரத்தத்தைப் பாக்கச் சொல்லுங்க” என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கேடு எதுவும் நேர்வதில்லையாம். நேர்கிற மிகச் சிலருக்குக் கண்ணிலும் கைகால் வளர்ச்சியிலும் குறை வரலாமாம், சுமக்கிறவளுக்கும் நுரையீரலைத் தாக்கி மூச்சுத் திணறலாமாம். இப்போது தடுப்பூசி போடக் கூடாது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தியை ஊசியாய்ப் போடலாம், அதுவும் நோய்ப்பட்ட குழந்தையோடு இருந்த நாளிலிருந்து பத்து நாளுக்குள். அதில் பாதியை நீ சிரித்தே கழித்துவிட்டாய்.

நீ கடைசியாய்ச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. “எதுக்கெடுத்தாலும் சாமி பாத்துக்கும்னு நீதானம்மா சொல்வே” என்றாய். என் பக்தியை எடுத்து உன் சோம்பலுக்குப் போர்வையாக்காதே. கருப்பைக்குள் மாதந்தோறும் எத்தனை இடருக்குத் தப்பிப் பிழைத்தோம் என்று எண்ணி எண்ணி உருகிய அடியார்களின் பாடலைத்தான் நான் நாள்தோறும் ஓதுகிறேன். காக்கிறவன் எதைக் கொண்டு காக்கிறான்? தாய் எந்த நோயை வென்றாளோ அந்த வெற்றியைப் பிள்ளைக்கும் பகிர்ந்தளிக்க அவன் ஒரு வழி வைத்திருக்கிறான். அந்த வழி உன் உடம்பு. உன்னிடம் இல்லாததை உன் பிள்ளைக்கு நீ எப்படிக் கொடுப்பாய் மகளே?

நாளைக் காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போ. உள்ளே நுழையுமுன் வாசலிலேயே செய்தியைச் சொல், அங்கும் கர்ப்பிணிகள் இருப்பார்கள். எனக்கு வந்தது தட்டம்மை, சின்னம்மை அல்ல என்று அந்த ஊர்க்காரர்கள் வழங்கும் நோய்ப்பெயரில் தெளிவாகச் சொல். அவர்கள் சரி என்று சொல்லும்வரை காப்பகத்துக்குப் போகாதே. முடிவு வந்ததும் “எல்லாம் சரிம்மா” என்று மழுப்பாமல், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா இல்லையா என்று எழுது. உன் அத்தையும் ஒருவாறு இறங்கி வந்திருக்கிறாள். “பாக்கட்டும், பாத்தா என்ன குறைஞ்சா போயிடும்? ஆனா நான் சொன்னதுதான் சரின்னு வந்துச்சுன்னா, நீ இந்தக் கூடத்துல எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் அண்ணி” என்கிறாள். எதிலும் அவளுக்கு விட்டுக்கொடுத்துப் பழகாதவள் நான். இந்த ஒன்றில் மட்டும் அவள் வென்று நான் தோற்க வேண்டும் என்று இன்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும், உன்னுள் வளரும் சின்னஞ்சிறு உயிரும், உங்கள் இல்லமும் நோய்நொடி அண்டாமல் நீடு வாழ எம்பெருமான் அருள் புரிக. இதைப் படிக்கும் கண்ணுக்கும் கருத்துக்கும் அவனே துணை.

ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்ற கதையெல்லாம் செல்லாத, மறுபடி மறுபடி வரப்போகிற,
உன் அம்மை.