இணைச்சீருக்கு இளைத்தவள்

ஜூலை 2

ஆப்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது. இனி ஒரு கட்டத்தில் 'ஆமாம்' என்று தட்டினால் மட்டும் உடம்பு இளைக்கிற ஊசி வீட்டுக்கு வந்துவிடாதாம். டாக்டர் வீடியோவில் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். எடை மெஷின் மேல் ஏறி நின்று கேமராவில் காட்ட வேண்டும். மாதத்துக்கு ஒரே ஒரு பேனா. விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்களாம், நம் நன்மைக்காகவாம்.

ஏப்ரலிலிருந்து யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பேனா மாதிரி இருக்கும், வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு பேனாவில் நாலு. ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவில் இருக்கிறது. கிருபாவுக்கு மட்டும் தெரியும். கட்டின புருஷனிடம் எத்தனை நாள் மறைப்பது.

சாயங்காலம் பீளமேட்டில் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குங்களா?" என்றான். பின்னே, பக்கத்து வீட்டு எருமைக்கா?

ஜூலை 6

உடுமலையிலிருந்து அம்மா போன். தம்பி தரணி கல்யாணத்துக்கு மண்டபம் பேசிவிட்டார்கள், ஆவணியில், ஆகஸ்ட் 28. ட்ரோன், பெரிய திரை, எல்லாம் உண்டாம். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"கோச்சுக்காத அம்மணி. இணைச்சீருக்கு நம்ம சாய்ப்ரியாவ நிக்கச் சொல்லிப்போட்டேன். பொண்ணூட்டுக்காரங்க பெரிய எடம். வீடியோவுல ஊரே பாக்கும். நீ மேடையேறி நின்னா மூச்சு வாங்குவ, உனக்குத்தான் செரமம்."

எனக்குச் சிரமமாம்.

இணைச்சீர் என்பது மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்ய வேண்டிய சீர். கூடையைத் தலையில் வைத்து நடந்து வந்து, பெண்டாட்டி வந்து உட்காருவதற்கு முன்னால் அவன் பக்கத்தில் நிற்கும் இடம். தரணிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி. சாய்ப்ரியா சித்தப்பா மகள். ஒல்லியாக இருக்கிறாள், அதுதான் அவளுடைய உறவு.

அந்த இடத்தில் நிற்பதற்காகத்தான் நான் இந்த ஊசியையே ஆரம்பித்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிரித்திருப்பார்.

ஜூலை 7

தரணிக்குப் போன் போட்டேன். "அம்மா சொல்றதுதானுங்க அக்கா" என்றான். பக்கத்தில் யாரோ இருந்தார்களாம், உடனே வைத்துவிட்டான்.

ஜூலை 14

வீடியோ டாக்டர் இன்று. மெர்சி என்று பெயர், சின்ன வயசு. மெஷினை ஹாலில் வைத்தேன், கிருபா போனைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்று நாலு. "சத்தமாப் படிங்கம்மா" என்றார் டாக்டர். சொந்த வீட்டில், சொந்தப் புருஷன் முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி படித்தேன். வெட்கமாக இருந்தது. கிருபா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒரு மரியாதை.

பிறகு டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்குது, தெரியுமா?"

தெரியாது. யார் பார்த்தார்கள்? மூன்று மாதமாக ஊசி அனுப்பினவர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவே பயப்படுகிறவள் ரத்தத்தையா பார்க்கப்போகிறேன்.

"இது உங்களுக்கு அழகுக்கு இல்லைங்கம்மா, மருந்து. வாரம் தவறாமப் போடணும். கையில இருக்கறதப் போட்டு முடிங்க, மாசக் கடைசில அடுத்தது வரும். ஊசி போட ஆரம்பிச்சதுலருந்து எவ்வளவு கொறஞ்சுது?"

ஏழு கிலோ என்றேன். "நல்லாருக்கே" என்றார். இத்தனை நாளில் அதைச் சொன்ன முதல் ஆள்.

ஜூலை 19

காந்திபுரத்தில் பட்டு எடுக்கப் போனோம். அம்மா, சாய்ப்ரியா, நான். சாய்ப்ரியாவுக்கு இணைச்சீர்ப் பட்டு, மயில்கழுத்துப் பச்சை. கடைக்காரர் புடவையை அவள் தோளில் போட்டுக் காட்டியபோது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு ஒரு மெரூன். "இது ஒடம்பக் காட்டாதுங்க" என்று கடைக்காரரே எடுத்துப் போட்டார்.

மதியம் ஓட்டலில் சாய்ப்ரியா ஒரு இட்லியில் பாதியை ஒதுக்கி வைத்தாள். அம்மா என் தட்டையும் அவள் தட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பாத்துக்க அம்மணி. கம்மங்கூழு, காலைல நடை. மனசுக் கட்டுப்பாடு இருந்தா ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்" என்றார்.

ஊசி! கிருபா உளறியிருக்கிறார். சீட்டு எழுதிவிட்டார்கள், சர்க்கரை என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு வருத்தமாக இருக்குமே என்று நல்லெண்ணத்தில் சொன்னாராம். அவருடைய நல்லெண்ணத்தில் இடி விழ.

சாய்ப்ரியா தலையை நிமிர்த்தவே இல்லை. அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 31

பேனா வந்தது. ஐஸ் பைக்குள் வைத்துப் பத்திரமாக வந்தது. டப்பாவில் வைத்தேன்.

ஆகஸ்ட் 1

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், வேறு யாரிடம் சொல்வது.

காலையில் அம்மா வந்து இறங்கினார். ஒரு சாக்குத் தேங்காய், முருங்கைக்காய், கருவேப்பிலை. அம்மா சும்மா இத்தனை தூக்கிக்கொண்டு வருகிறவர் இல்லை. காபி குடித்தார். தண்ணீர் கேட்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாய்ப்ரியா பாவம் கண்ணு. அவளும் அதே ஊசிதான் போட்டுட்டிருந்தா."

கம்மங்கூழாம்! மனசுக் கட்டுப்பாடாம்!

"முன்னாடியெல்லாம் எடையக் கூட்டிப் போட்டு வாங்கிட்டிருந்தா. இப்ப மிசினு மேல நிக்கச் சொல்றாங்களாம். உனக்கெல்லாம் இது வேண்டாம்னு அந்த டாக்டரு சொல்லிப்போட்டாங்களாம். ஊசி நின்னதும் பசி பசின்னு திங்கறா. ஜாக்கெட்டு தெச்சாச்சு அம்மணி. கலியாணம் முடியற மட்டும் உன்றத அவளுக்குக் குடு."

"எனக்குச் சக்கரைங்கம்மா."

"ஒரு மாசத்துல சக்கரை ஓடியா போகும்? ஒறம்பரை, சொந்தபந்தம் மொகத்துல முழிக்கோணுமல்ல நாங்க."

என் இடத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் நிற்க என் மருந்தும் வேண்டுமாம். இனி என் தோலையும் உரித்துக் கொண்டுபோய் அவளுக்குப் போர்த்திவிடுங்கள்.

இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். அங்கே என்ன செய்தேன்? அம்மா கண்ணைத் துடைத்தார், முந்தானையால், மெதுவாக. நான் எழுந்து போய் மாவை நகர்த்தி டப்பாவை எடுத்தேன். ஆமாம், குடுத்துட்டேன். குடுத்துப்போட்டேன்! கேட்டால் கொடுக்கிறவள் என்று ஒருநாளாவது சொல்வார்களா என்ற நப்பாசை. இந்த வயசில்.

"சில்லுன்னு இருக்கணுங்கம்மா" என்றேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றார். தேங்காய்ச் சாக்கு காலியாகி, அதற்குள் என் டப்பா போயிற்று.

ஆகஸ்ட் 3

ஆப்பில் இன்னொரு பேனா கேட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு ஒன்று, அடுத்தது டாக்டர் பார்த்த பிறகு. ஆகஸ்ட் 28, காலை எட்டு மணி என்று நேரம் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று. மாற்றினால் செப்டம்பர் பாதிக்குத்தான் கிடைக்குமாம். இருக்கட்டும், எனக்கு அங்கே மேடையில் என்ன வேலை.

ஆகஸ்ட் 12

பசி. நாலு மாதம் எங்கேயோ போயிருந்தது, வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. மத்தியானம் நின்றுகொண்டே நாலு தோசை தின்றேன். சாப்பிட்டு முடித்ததும் தலை சுற்றல். கிருபா சர்க்கரை பார்க்கிற மெஷின் வாங்கி வந்து விரலில் குத்திப் பார்த்தார். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "அத்தைகிட்டச் சொல்லி வாங்கிட்டு வந்தறட்டுங்களா?" என்றார். உளறிவைத்த குற்ற உணர்ச்சி, பாவம். வேண்டாம் என்றேன். அவள் வயிற்றுக்குள் போனதைத் திரும்ப எப்படி வாங்குவது.

ஆகஸ்ட் 19

சாய்ப்ரியா போன் செய்தாள். எடுத்ததும் அழுகை.

"ஊசி வேலையே செய்யலைங்க அக்கா. ரெண்டு வாரம் போட்டுட்டேன், நல்லாப் பசிக்குது. ஜாக்கெட்டு கையே நுழைய மாட்டேங்குது."

எங்கே வைத்திருந்தாய் என்றேன். பெரியம்மா வீட்டில்தான், அதாவது என் அம்மாவிடம், அவள் மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று. எதில்? ஐஸ் கட்டி வைக்கிற பெட்டியில். போடும்போது எடுத்து வெயிலில் வைத்து இளக்கிப் போட்டுக்கொள்வாளாம்.

உறைந்தால் அந்த மருந்து செத்துப்போகும். அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாட்டு டாக்டரு சினை ஊசிய எப்பிடி வெச்சிருக்காரு? பொகை வர்ற குளிருல வெச்சிருக்காரில்ல? வெளிய எடுத்தா இளக்கித்தான் போடறாரு. இதுவும் ஊசி தான? நான் இத்தன வருசம் மாடு கட்டறவ, எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். கிருபா பயந்துபோய் வந்து பார்த்தார். சிரிப்பு நின்றபோது கன்னம் நனைந்திருந்தது. என் ஒரு மாத மருந்து, என் ரத்தம், என் சர்க்கரை, எல்லாம் மாட்டுக் கணக்கில் போய்விட்டது.

ஆகஸ்ட் 21

உடுமலையில் இப்போது பேச்சே வேறாம். நான் கெட்டுப்போன ஊசியைக் கொடுத்தேனாம். பொறாமையாம். சாய்ப்ரியாவின் அம்மா, என் சித்தி, கிருபாவிடமே போனில் கேட்டிருக்கிறார்: "கீதாவுக்கு வயித்தெரிச்சல் இருக்கும்னு தெரியும், இப்பிடிப் பண்ணுவான்னு தெரியாதுங்க மாப்ள."

அம்மாவுக்கு உண்மை தெரியும். ஃப்ரீசரில் வைத்த கை அவர் கை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு வயித்தெரிச்சல் இல்லை என்று எழுத வந்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ஊசியை நல்ல ஊசியாகத்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 25

கல்யாணத்துக்குப் போகவே வேண்டாம் என்கிறார் கிருபா. போவேன். என் தம்பி.

ஆகஸ்ட் 26

அம்மா போன். குரல் தேனாக ஒழுகியது.

"சாய்ப்ரியா மேடையேற மாட்டேங்கறா. மொகமெல்லாம் உப்பிக் கெடக்குதாம், வீடியோவுல வர மாட்டாளாம். பேசாம நீயே நின்னுபோடு அம்மணி."

பேசாம. ஆமாம், நான் பேசாமல் இருப்பதுதானே வழக்கம்.

பார்க்கலாங்கம்மா என்றேன்.

அவமானமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி அந்த மெரூன் பட்டை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். எப்படி நடப்பேன், கூடையை எந்தக் கையால் பிடிப்பேன் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். மானங்கெட்ட மனசு. தரணி ஒரு தடவை வாயைத் திறந்து, நீதான் நிற்க வேண்டும் என்று சொன்னால் போதும். டாக்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஓடிப் போய் நிற்பேன்.

ஆகஸ்ட் 27

மண்டபத்துக்கு வந்துவிட்டோம். தரணி என்னைத் தேடி அறைக்கே வந்தான். மருதாணிக் கை. என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீயே நில்லுக்கா. அம்மா வேற ஆளில்லைங்குது."

நல்லாத் தூங்கு கண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28

மண்டபத்தின் பின்பக்கம், சமையலுக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறை. அங்கே காய்கறி நிறுக்கிற பெரிய மெஷின் ஒன்று இருப்பதை நேற்றே பார்த்து வைத்திருந்தேன். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தி, போனை அரிசி மூட்டை மேல் நிறுத்தினேன். டாக்டர் மெர்சி வந்தார். என் கோலத்தைப் பார்த்து விழித்தார்.

"என்னங்கம்மா, கல்யாணமா?"

"தம்பிக்குங்க டாக்டர்."

"நகையக் கழட்டிட்டு நில்லுங்க."

ஆரம், அட்டிகை, வளையல் எல்லாவற்றையும் கழற்றி முட்டைக்கோஸ் கூடைக்குள் வைத்தேன். ஏறி நின்றேன். இந்த மாதம் ஊசி போடவில்லை என்று சொன்னேன், ஏன் என்று கேட்டார். ஊட்டுல கேட்டாங்க, குடுத்துட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த அறைக்கு வெளியே இருந்த அத்தனை ஒறம்பரையிலும் எனக்காக ஒருத்தரும் படாத கோபம்.

"இன்னொரு தடவ குடுத்தீங்கன்னா நான் எழுத மாட்டேன். இது உங்க உயிருங்கம்மா, பலகாரமில்ல பங்கு வைக்கறதுக்கு."

அப்போதுதான் மைக்கில் கேட்டது. சீர் நடத்துகிற அருமைக்காரரின் குரல். "மாப்பிள்ளையோட அக்கா கீதா அம்மணி எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க. இணைச்சீருக்கு நேரமாகுது." நாதசுரம் நின்றது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். யாரோ கதவைத் தட்டினார்கள், அம்மா மாதிரிதான் இருந்தது.

"உங்களத்தானே கூப்படறாங்க?" என்றார் டாக்டர். "போறதுன்னா போங்க, நான் வேற நாள் பாக்கறேன்."

"வேண்டாங்க டாக்டர். அங்க வேற ஆள் இருக்குது."

குனிந்து எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்று எட்டு. சத்தமாகப் படித்தேன்.

ஆகஸ்ட் 31

பேனா வந்துவிட்டது. ஃபிரிட்ஜில் மாவுக்கு முன்னாலேயே வைத்திருக்கிறேன், கதவைத் திறந்தால் யாருக்கும் தெரியும். சாயங்காலம் போன் அடித்தது, அம்மா. ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.