அப்பாவின் ஈஎஸ்ஆர் இறங்கியது

உருத்திரபுரம், கிளிநொச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நிசாந்தினிக்கு,

நான் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். அப்பா சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. போனில் கதைத்தால் அவர் பக்கத்திலேயே இருப்பார், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

மூன்று மாதமாக அவருக்கு நாரி நோ, முதுகின் அடிப்பக்கம் முழுக்க நோகிறது, பின்னேரத்தில் காய்ச்சல், உடம்பும் வற்றிவிட்டது. முள்ளிவாய்க்காலில் செல் வெடித்து முதுகில் ஏறிய துண்டுதான் என்று இருந்துவிட்டோம், இங்கே யாருக்கு எங்கே நொந்தாலும் அதுதானே காரணம். அவரும் "அதுக்கும் வயசு போகுது, சிணுங்குது" என்று பகிடி விட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். கடைசியில் இரத்தம் சோதித்தால் ஈஎஸ்ஆர் 118, இருபதுக்குள் இருக்கவேண்டியது. இரத்தத்தை மெல்லிய குழாயில் நிறுத்தி வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்பதுதான் அந்த இலக்கம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். உடம்பில் அழற்சி இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி வேகமாக இறங்குமாம், ஆனால் எங்கே, என்ன நோய் என்று அது சொல்லாதாம். பழைய துண்டு இவ்வளவுக்கு ஏற்றாது, முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம், வவுனியாவுக்குப் போய் ஸ்கான் எடுங்கோ என்று கடிதமும் தந்தார்.

அதற்குள் நான் செய்ததைக் கேள். அவர் முனகுவதைப் பொறுக்க முடியாமல், பக்கத்து வீட்டுக் கௌசலா மூட்டு வாதத்துக்குப் போடும் குளிசையை, அவளுடைய மருந்துத் துண்டைக் காட்டிப் பார்மசியில் வாங்கிக் கொடுத்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். மூன்றாம் நாள் நிமிர்ந்து நடந்தார். இரண்டு கிழமை கழித்துச் சோதித்தால் 46. "பாத்தியே, இறங்கிட்டுது, இனி வவுனியாவும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்று அந்த றிப்போட்டைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்து, காணுகிற ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் கொண்டுபோய்க் காட்டிய குளிசையைக் கண்டதும் வைத்தியர் "ஆர் குடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். அது ஸ்டீரொயிட், இலக்கத்தைத்தான் இறக்கியிருக்கிறது, உள்ளே காசநோய் என்றால் அதை வளர்த்தும் விட்டிருக்கும், இனித் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்றார்.

இன்று காலை இடது கால் செருப்பு கழன்றது தெரியாமல் வாய்க்கால் வரை நடந்து போயிருக்கிறார். முள் ஏறி இரத்தம் வடிந்திருந்தது, அதுவும் தெரியவில்லை. வைத்தியருக்குப் போன் எடுத்தேன். முதுகெலும்பில் நரம்பு நெரிபடுகிறது போல, நாளைக்கு விடிய முதல் வேலையாக வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ, பிந்தினால் கால் திரும்பாது என்றார். வாடகைக்கு வான் சொல்லிவிட்டேன். அவரோ "வயல் செய்யிற கமக்காரன்ர காலில முள்ளுக் குத்தாம என்ன பூவே குத்தும்" என்று கதிரையை விட்டு எழும்புகிறார் இல்லை.

என் சொல் இனி எடுபடாது மகள், குளிசை கொடுத்தவளும் நானே, பிழை என்கிறவளும் நானே. உன் சொல்லைத் தட்டமாட்டார். அழவேண்டியதை அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வீடியோவில் எடு. இலக்கத்தைப் பற்றிக் கதையாதே, றிப்போட்டைக் காட்டி வென்றுவிடுவார். எழும்பி ஒருதரம் நடந்து காட்டச் சொல்லு. உனக்கு முன்னால் அவரால் நடிக்க முடியாது.

பிள்ளையார் உன்னைக் காக்கட்டும். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. வான் இங்கத்தைய நேரம் விடிய ஐந்து மணிக்கு வரும், அதற்கு முதல் எடு.

உன் அம்மா
சிவரூபி