சுவரில் நீ தட்டிவைத்த பூசணி விதை

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் இடுப்பில் ஈரத்துண்டோடு நடுத்தெருவுக்கு ஓடிவிட்டேன். எதிர்வீட்டார் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டியவன், தாத்தாவாகப் போகிறவன். எல்லாவற்றுக்கும் காரணம் நீதான்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மலையடிவாரத்து மழையில் விறகெல்லாம் நமத்துப்போயிருந்தது. மாட்டை விற்றபிறகு யாரும் நுழையாத மாட்டுக்கொட்டத்துக்குள் போய், இருட்டில் சுவரைத் தடவி, காய்ந்த வரட்டி ஒன்றைப் பெயர்த்துவந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து குளிக்கும்போது அடுப்புக்குள் படபடவென்று வெடித்தது. எடுத்தேன் ஓட்டம்.

"என்னப்பா, வெந்நிக்குள்ள வெடி வச்சீகளா?" என்று மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. வறுபட்ட பூசணி விதையின் வாசனை வீடு முழுக்க ஏறியிருந்தது. இந்த வீட்டில் அந்த வாசனை வந்து பதினாலு வருசம் ஆகிறது.

விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டத்துக்குள் போனோம். சுவரில் இன்னொன்று மிச்சம் இருந்தது. விதைகளைச் சாணியில் பிசைந்து நீ தட்டிவைத்த அடை, ஐந்து விரலும் பதிந்தபடி. மகள் தன் கையை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

நீ அதைத் தட்டிவைத்தபோது அவளுக்கு எட்டு வயசு. இரண்டாவது பிரசவத்துக்கு ஜீப்பில் ஏறும்போது நீ வலியைப் பற்றிப் பேசவில்லை. "செவத்துல தட்டி வச்சிருக்கதப் பேத்துராதீக. தொவைகல்லு ஓரமா நானே வந்து ஊன்டுறேன். நீங்க ஊன்டுனா ஒன்னும் வெளங்காது" என்றாய். தேனி ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. பிள்ளையும் திரும்பவில்லை.

மகள் அந்த அடையை உடைத்து, விதைகளை எடுத்து, கிணற்றுக்கு மேற்கே குழி பறித்து ஊன்றினாள். மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இது முளைச்சா நான் பிள்ளையோட திரும்பி வந்துருவேன்பா."

படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று திட்டினேன். முளைக்காவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் விடிந்ததும் குழியருகே போய் உட்கார்ந்தாள். மண் அசையவில்லை. அவள் சாப்பாடு பாதியானது. தூக்கத்தில் உன்னைப்போலவே பல்லைக் கடிக்கத் தொடங்கினாள். அதுவரை அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கம்பத்துக்குப் போய் விதைக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"பதினாலு வருசத்து வெதையா? அதெல்லாம் எப்பவோ செத்துருக்கும்ணே. வறுத்துத் தின்னுட்டு வேற வேலையப் பாருங்க."

"சாணியில பத்திரமா இருந்துச்சுப்பா."

"எகிப்து மம்மி கூடத்தான் பத்திரமா இருக்கு. எந்திரிச்சு நடக்குதா?"

கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பூசணி விதைப் பாக்கெட் ஒன்றை வாங்கினேன். மகள் அசந்த நேரம் பார்த்து அதே குழியில் ஊன்றிவிட்டேன். என் மூளைக்கு எட்டிய வைத்தியம் அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் நாலு முளை வந்தது. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு முளையும் தலையில் விதைத்தோலைத் தொப்பிபோல மாட்டியிருந்தது. எல்லாம் நல்ல ரோஸ் நிறம். கடை விதைக்கு மருந்துச் சாயம் பூசுவார்கள் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

"ஏம்ப்பா, அம்மா பவுடர் பூசிக்கிட்டு வந்துருக்கா?" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். சட்டை நனைந்தபிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

வலி கண்ட காலையில் ஜீப் வாசலில் நின்றது. முகம் கழுவத் துவைகல்லுக்குப் போனேன். கல்லை ஒட்டி ஒற்றை முளை நின்றிருந்தது. தொப்பி ரோஸ் இல்லை, சாணி அப்பிய பழுப்பு. அடுப்பில் வெடித்துத் தெறித்த விதை, கூட்டித் தள்ளும்போது இங்கே வந்து விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் முளையைச் சுற்றி மண் அமுங்கியிருந்தது. விதை ஊன்றியதும் மூன்று விரலைக் குவித்து ஓர் அமுக்கு அமுக்குவாயே, அதே மூன்று பள்ளம். ராத்திரி முழுக்கப் பெய்த மழை அவற்றைக் கலைக்கவில்லை.

சொன்னபடி நீயே வந்து ஊன்றியிருக்கிறாய். எதற்கு வந்தாய் என்பதுதான் தெரியவில்லை. அவளுக்குத் துணை இருக்கவா, உனக்குத் துணையாக அவளைக் கூட்டிப்போகவா?

"அப்பா, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? எதுவும் முளைச்சிருக்கா?" ஜீப்பிலிருந்து மகள் கத்தினாள்.

"ஒன்னுமில்ல ஆத்தா, செருப்பத் தேடுறேன்."

செருப்பு காலில்தான் இருந்தது. குனிந்தேன். அந்த முளையிடம் வாய்விட்டே சொன்னேன். "அவள விட்டுட்டு நீ போயிரு."

பேத்தி பிறந்தாள். இருவரையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் துவைகல்லுக்கு ஓடினேன். வெறும் மண். ஆடு கடித்த தண்டு இல்லை, பூச்சி குடைந்த ஓட்டை இல்லை. அந்த மூன்று பள்ளங்கள்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா? அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய்?

கடைக்காரன் விதை கிணற்றுமேடு முழுக்கக் கொடியாக ஓடுகிறது. பேத்திக்கு வெந்நீர் சுமந்து போகும்போது துவைகல் ஓரத்தை மிதிக்காமல் சுற்றித்தான் நடக்கிறேன். மூட்டுவலி என்று மகள் நினைத்துக்கொண்டு தைலம் வாங்கிவந்திருக்கிறாள். தேய்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்த முளையைப் பார்த்ததும் நாக்கு நுனிவரை முதலில் வந்தது 'போயிரு' இல்லை. முதலில் வந்ததைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வந்துட்டியா, புள்ள.