வெள்ளை பூத்த குவியல்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. படிக்கப்போகிறவர், அதாவது நான், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுபத்திரண்டு வயது, என் எழுத்துக்கு ஏழு மாதம். உழவு கோணினால் மாட்டைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு மாடு இல்லை.

இன்று ஒரு பெரிய சொல்லைத் திக்காமல் படித்தேன்: டிரைக்கோடெர்மா. மருமகள் வாங்கி வந்த பொட்டலத்தின் மேல் இருந்தது. நல்ல பூஞ்சாணமாம். தக்காளி வேரில் ஏறும் கெட்ட பூஞ்சாணத்தைத் தின்றுவிடுமாம். இரண்டு முறை நட்டோம், இரண்டு முறையும் பூக்கிற நேரத்தில் செடி வாடிச் செத்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

மகன் சொல்லிவிட்டான், "இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நான் மில் வேலைக்குப் போயிடுவேன்."

"போக மாட்டீங்க, பாருங்க" என்றாள் அவள்.

மார்ச் 4

தொழு உரத்தில் பொடியைக் கலந்து கொட்டகை நிழலில் குவித்தோம். ஈரச் சாக்கு போட்டு மூடினாள். பதினைந்து நாள் இப்படியே இருக்க வேண்டுமாம். சாயங்காலமே கிளம்பிப் போனாள். அவள் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார்.

மார்ச் 7

சாக்கைத் தூக்கினேன். குவியல் சூடாக இருந்தது. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தானியத்தில் பூசணம் கண்டால் என்ன செய்வோம்? முழுவதையும் மொட்டை மாடிக்குச் சுமந்து, நல்ல வெயிலில் பரப்பி, கையாலேயே கிளறிவிட்டேன். முதுகு போய்விட்டது. இருந்தாலும் உரத்தைக் காப்பாற்றிவிட்டேன்! மருமகளுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி.

மார்ச் 11

மருமகள் வந்ததும் கொட்டகைக்குத்தான் போனாள். நேற்றே எல்லாவற்றையும் பழையபடி குவித்து மூடியிருந்தேன்.

"என்ன மாமா, ஒண்ணுமே பூக்கலையே? வெள்ளையா பூத்து அப்புறம் பச்சையாகணுமே."

வாயைத் திறந்தேன். மகன் பக்கத்தில் நின்றான். மூடிக்கொண்டேன்.

"சரி, மண்ணுல போட்டா பிடிச்சுக்கும்" என்று தண்ணீர் தெளித்தாள்.

பிறகு பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். உயிருள்ளது. வெயில் படக்கூடாது. முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் படித்த பெருமையிலேயே இருந்துவிட்டேனே, பாவி.

மார்ச் 20

அந்த உரத்தைப் போட்டு நட்டாயிற்று. ஒருவேளை நல்ல பூஞ்சாணம் கொஞ்சமாவது பிழைத்திருக்கும். இருக்குமா?

ஏப்ரல் 24

நடுப்பகலில் கிழக்குப் பாத்தியில் ஆறு செடி தலை தொங்கின. சாயங்காலம் நிமிர்ந்தன. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 30

பாதி வயல் போய்விட்டது. மகன் ஒரு தண்டைப் பிளந்து அவள் முன்னால் போட்டான். உள்ளே பழுப்புக் கோடு.

"உன் பொடிக்கும் அடுப்புச் சாம்பலுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லு. உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"சொன்னபடிதாங்க செஞ்சேன். எங்க தப்புன்னே தெரியலை."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கியது. அதுதான் அசிங்கம்.

மே 2

வாயால் சொல்ல வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய் இருவர் முன்னாலும் உட்கார்ந்தேன். மார்ச் ஏழாம் தேதியைப் படித்தேன். மகனுக்கு நான் எதையும் படித்துக் காட்டியதில்லை. முதல் வரியிலேயே திக்கினேன். "மெதுவாப் படிங்கப்பா, யாரு துரத்தறா" என்று சிரித்தான். மொட்டை மாடி வந்ததும் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை, பதினொன்றாம் தேதியையும் படித்து முடித்தேன்.

அவன் எழுந்து போய்விட்டான். அவள்தான் பேசினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பொட்டலம் வாங்கியிருப்பேனே மாமா. நடறதுக்கு நாள் இருந்துச்சே."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மே 4

மகன் வெளியூர் மில்லுக்குப் போய்விட்டான். "உங்களால இல்லப்பா. மண்ணைப் பார்க்கவே பிடிக்கலை" என்றான். பொய். எனக்காகச் சொன்ன பொய்.

மே 12, செவ்வாய்

போன வாரமே செத்த செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தோம். அந்தப் பாத்திகளில் கடுகு விதைத்திருக்கிறாள். வளர்ந்ததும் பூக்கும் முன்பே நறுக்கி, மண்ணோடு மடக்கி உழ வேண்டுமாம். அதன் காரத்தில் கெட்ட பூஞ்சாணம் குறையுமாம். அதற்குப் பிறகுதான் புதுப் பொட்டலம்.

ஒரு வாரமாக வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை. இன்று வரப்பில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன எழுதறீங்க?"

"கடுகு பாதிதான் முளைச்சிருக்குன்னு."

"ம். அவர் போன்ல கேட்டாரு, கடுகு முளைச்சுதான்னு."

"என்னம்மா சொன்னே?"

"எனக்குச் சரியாத் தெரியலை, மாமா எழுதி அனுப்புவார்னு சொன்னேன்."

கடிதம்! நான்! சந்தோஷமா பயமா, தெரியவில்லை. தாள் வாங்க வேண்டும். அடுத்த செவ்வாய் ஒவ்வொரு பாத்தியாக எண்ணி, முளைத்தது இவ்வளவு, முளைக்காதது இவ்வளவு என்று முதலில் இங்கே எழுதிப் பார்ப்பேன். பிறகு அவனுக்கு. முளைக்காததைத்தான் முதலில் எழுதுவேன்.